முன்காலா, பின்காலா?

பேஸ்பால் ஆட்டத்தில் பந்தெறியக் கற்றுக்கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் இரண்டு பேர் ஓரிடத்தில் கூடினால், முதலில் சீதோஷ்ணத்தைப் பற்றியும் அடுத்தபடியாகப் பள்ளிக்கூட நிர்வாகத்தைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை பேசிவிட்டு, பிறகு தவறாமல் பாதத்தைப் பற்றிய விவாதத்தில் இறங்கிவிடுவார்கள். பின்கால் உந்த வேண்டுமா, அல்லது உடம்பைத் தொடர்ந்து வந்தால் போதுமா. முன்கால் குதிகாலில் இறங்க வேண்டுமா, முன்பாதத்தில் இறங்க வேண்டுமா. இறங்கும் பாதம் பேட்டரை நேரே பார்க்க வேண்டுமா, சற்று உள்பக்கம் திரும்பியிருக்க வேண்டுமா என்ற இந்த மூன்று கேள்விகளும் நான் இந்தத் தொழிலுக்கு வந்த காலத்திலேயே பழைய கேள்விகள். இன்றைக்கும் அவற்றுக்கு வயதாகவில்லை. கையால் எறிகிற பந்துக்காகக் காலைப் பற்றி இத்தனை சண்டை ஏன் என்று கேட்பவர்களுக்கு, வெகு காலம் மண்மேட்டின் ஓரத்தில் நின்று பார்த்ததிலிருந்து எனக்குக் கிடைத்த சமாதானத்தைச் சொல்லலாமென்று நினைக்கிறேன்.

அந்த ஆட்டத்தைக் கண்ணால் பாராதவர்களுக்குச் சில விவரங்களை முன்னதாகச் சொல்லிவிட வேண்டும். கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசுகிறவர் வெகு தூரத்திலிருந்து ஓடிவந்து, அந்த ஓட்டத்தில் சேர்ந்த வேகத்தையெல்லாம் கைக்கு மாற்றுகிறார். பேஸ்பாலில் பந்தெறிகிறவருக்கு, அதாவது பிட்சருக்கு, ஓட்டம் என்பதே கிடையாது. மைதானத்தின் நடுவே 18 அடி விட்டத்தில் வட்டமாகக் குவித்த ஒரு மண்மேடு. அதன் உச்சியில் 24 அங்குல நீளமும் 6 அங்குல அகலமுமாகப் பதித்த ஒரு வெள்ளை ரப்பர் பலகை. அந்தப் பலகையை ஒரு பாதம் தொட்டுக்கொண்டிருக்கும் நிலையிலேயே அவர் தம் செயலைத் தொடங்கியாக வேண்டும். அங்கிருந்து 60 அடி 6 அங்குலத்தில், பேட்டர் பக்கத்தில் நின்று அடிக்கும் 17 அங்குல அகலமுள்ள ஹோம் பிளேட் இருக்கிறது. 1893 முதல் இன்றுவரை அந்தத் தூரம் மாறவில்லை. மாறியது மேட்டின் உயரம்தான். 15 அங்குலம் வரை இருந்த மேட்டிலிருந்து, 1968-ஆம் ஆண்டில் பாப் கிப்ஸன் என்ற பிட்சர் ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, சராசரி 1.12 ரன்னுக்குமேல் கொடுக்காமல் எறிந்து, பேட் பிடித்தவர்களையெல்லாம் திக்குமுக்காடச் செய்துவிடவே, மறு ஆண்டில் அதை 10 அங்குலமாகக் குறைத்துவிட்டார்கள். பலகைக்கு 6 அங்குலம் முன்னாலிருந்து, அடிக்கு ஓர் அங்குலம் வீதம் மேடு சரிகிறது. இந்தச் சரிவில் பிட்சர் எடுத்து வைப்பது ஒரே ஒரு தப்படி. பந்துக்கு வேண்டிய வேகம் முழுவதும் அந்த ஒரு தப்படிக்குள் உண்டாக வேண்டியிருப்பதால், பாதத்தைப் பற்றிய வாதம் வேலையற்றவர்களின் வீண் வாதமல்ல என்பது விளங்கும்.

நான் சென்னையில் கல்லூரி மாணவனாக இருந்தபோது மிதவேகப் பந்து வீசியவன். உத்தியோக நிமித்தமாக நியூ ஜெர்ஸி மாகாணத்தில் வந்து குடியேறிய பிறகு, சனிக்கிழமைதோறும் என் பையனை லிட்டில் லீக் மைதானத்துக்கு அழைத்துப் போவதும், வேலியோரத்தில் மற்றத் தகப்பன்மார்களோடு நின்றுகொண்டிருப்பதும் வழக்கமாயின. 46 அடி தூரத்திலிருந்து எறியும் சிறுவர்களின் முன்காலை என் கண் தானாகவே கவனிக்கத் தொடங்கிற்று. நாளடைவில் வேலியைத் தாண்டி உள்ளே போனேன். சிறுவர் குழுவுக்கு உதவியாளன், உயர்நிலைப் பள்ளிக் குழுவின் பிட்சர்களுக்குப் பயிற்சியாளன், ஆபீஸ் வேலையை விட்ட பிறகு குளிர்காலங்களில் கூரைக்குக் கீழே தனிப்பாடம் சொல்லிக்கொடுப்பவன் என்று படிப்படியாக இந்தத் தொழிலே என் தொழிலாகிவிட்டது. கிரிக்கெட் ஆடியவனுக்கு இங்கே என்ன வேலை என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. 2008-இல் இந்தியாவில் நடத்திய ஒரு பந்தெறியும் போட்டியில் தேறிய ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் என்ற இரண்டு வட இந்திய இளைஞர்கள், அதுவரை பேஸ்பாலையே தொட்டறியாதவர்கள், டாம் ஹவுஸ் என்ற பிரசித்தி பெற்ற பயிற்சியாளரிடம் சில மாதம் பழகி, அந்த ஆண்டு முடிவதற்குள் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் குழுவில் ஒப்பந்தமானதும், அந்தக் கேள்வியின் உஷ்ணம் சற்றுத் தணிந்தது. அவர்கள் இருவரும் ஈட்டி எறிந்து பழகியவர்கள். ஈட்டி எறிபவனும் கிரிக்கெட் பந்து வீசுகிறவனும் பேஸ்பால் பிட்சரும் கடைசிக் கணத்தில் செய்யும் காரியம் ஒன்றுதான்: முன்காலை ஊன்றி, அதன் மேலாக உடம்பைச் சுழற்றி எறிவது.

இனி விவாதத்துக்கு வருவோம். பிரதானமான கட்சிகள் இரண்டு. முதற் கட்சிக்கு ‘டிராப் அண்ட் டிரைவ்’ என்று பெயர். பின்காலின் முட்டியை நன்றாக மடக்கி, உடம்பைத் தாழ்த்தி, பலகையை உதைத்துக்கொண்டு முன்னே பாய வேண்டும் என்பது அதன் சித்தாந்தம். நியூயார்க் மெட்ஸ் குழு 1969-இல் உலகத் தொடரை வென்றபோது அதன் தூணாக நின்ற டாம் ஸீவர் அந்தக் கட்சியின் மூலபுருஷர். எறியும்போது அவருடைய வலது முட்டி தரையில் உராயும். ஆட்டம் முடிகையில் கால்சட்டையின் அந்த இடம் செம்மண்ணாக இருக்கும். மொத்தம் 311 ஆட்டங்களை வென்றவரின் முட்டிக் கறை சாதாரணக் கறையா? நியூ ஜெர்ஸியிலும் நியூயார்க்கிலும் ஒரு தலைமுறைச் சிறுவர்கள் அந்தக் கறைக்காகவே முட்டியை மண்ணில் தேய்த்துக்கொண்டார்கள். இரண்டாவது கட்சி ‘டால் அண்ட் ஃபால்’. உடம்பை நெட்டையாகவே வைத்துக்கொள், பத்து அங்குல மேட்டை உனக்குக் கட்டிக்கொடுத்திருப்பதே அதற்காகத்தான், அந்தச் சரிவில் விழு, பூமியின் ஆகர்ஷணம் மற்றதைப் பார்த்துக்கொள்ளும் என்பது அவர்கள் உபதேசம்.

எங்கள் பள்ளிக்கூடத்தின் தலைமைப் பயிற்சியாளர் ஸீவர் பக்தர். பக்கத்து ஊர்ப் பள்ளியின் பயிற்சியாளர், நல்ல உயரமான மனிதர், இரண்டாவது கட்சி. மழையால் ஆட்டம் நின்றுபோன ஒரு மாலை, கூரையடியில் உட்கார்ந்திருந்தபோது இருவருக்கும் மூண்ட வாதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

“உந்தாமல் வேகம் எங்கிருந்து வரும்? பின்கால் சும்மா வருவதென்றால் பலகையைப் பதிப்பானேன்?” என்றார் நம்மவர்.

“பலகையைப் பதித்தது நீங்கள் முன்னால் நகர்ந்து நின்று எறிந்துவிடாமல் இருக்க. உதைப்பதற்கு அல்ல. உதைக்கிறவனின் தலை முன்னே போகிறது, கை பின்னே தங்குகிறது. அப்புறம் பந்து கேட்சரின் தலைக்குமேல் போகிறது” என்றார் மற்றவர்.

“ஸீவரின் பந்து போகவில்லையே!”

“உங்கள் பையன்களில் ஸீவர் யார்? எனக்குக் காட்டுங்கள்.”

இந்தக் கடைசிக் கேள்விக்கு எந்தக் கட்சியிலும் பதில் கிடையாது. பெரிய பிட்சர்களை அத்தாட்சியாகக் கொண்டுவருவதில் உள்ள சங்கடமே அதுதான். 1963 ஜூலை 2-ஆம் தேதி ஸான்ஃபிரான்ஸிஸ்கோவில் ஹுவான் மரிஷாலும் வாரன் ஸ்பானும் ஒருவருக்கொருவர் சளைக்காமல் பதினாறாவது இன்னிங்ஸ் வரை எறிந்தார்கள். அதில் வில்லி மேஸ் அடித்த ஒரே அடியில் ஆட்டம் ஒன்றுக்குச் சைபர் என்று முடிந்தது. மரிஷால் வலக்கைக்காரர், வயது இருபத்தைந்து. ஸ்பான் இடக்கைக்காரர், வயது நாற்பத்திரண்டு. இருவரும் முன்காலை ஆகாயத்தை நோக்கித் தூக்கி எறிந்தவர்கள். அந்தப் படத்தைப் பார்த்துக் காலைத் தூக்கியவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள்; பதினாறாவது இன்னிங்ஸ் வரை கை தாங்கியவர் எத்தனை பேர்? டிம் லின்ஸிகம் என்ற ஒல்லியான பிட்சர் தம் உயரத்தையே மிஞ்சிய ஒரு தப்படி வைத்து, 2008, 2009 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சிறந்த பிட்சருக்குரிய ஸை யங் பரிசு பெற்றார். ஆனால் பெரும்பாலான நல்ல பிட்சர்களின் தப்படி அவர்கள் உயரத்தில் ஐந்தில் நாலு பங்கை ஒட்டித்தான் இருக்கிறது. மகான்களின் கால் மகான்களுக்கே உரியது.

வாதிகள் சண்டையிட்டுக்கொண்டிருந்த காலத்தில், விஞ்ஞானிகள் தரையில் பலத்தை அளக்கும் தகடுகளைப் பதித்து அவற்றின்மேல் பிட்சர்களை எறியச் சொன்னார்கள். 1998-இல் பிரசுரமான அத்தகைய ஓர் ஆராய்ச்சியில், எறியும் திசையில் பின்கால் உந்தும் பலம் உடல் எடையில் மூன்றிலொரு பங்கு அளவிலும், இறங்கிய முன்கால் எதிர்த்துத் தடுக்கும் பலம் அதைப் போல ஏறக்குறைய இரண்டு பங்காகவும் காணப்பட்டன. கால்களின் பலம் கூடக்கூட மணிக்கட்டின் வேகமும் கூடியது. இதை வாசித்த ஸீவர் கட்சியார், ‘பார்த்தீர்களா, உந்துதான் வேகம்’ என்றார்கள். எதிர்க் கட்சியார், ‘பார்த்தீர்களா, தடுப்புதான் பெரிது’ என்றார்கள். ஒரே பிரமாணம் இரண்டு கட்சிக்கும் சாதகமாகப்பட்ட விந்தையை அன்று பார்த்தேன்.

எனக்குப் பட்டது இது. ஓடுகிற மாட்டுவண்டியின் சக்கரம் பெரிய கல்லில் முட்டி நின்றால், வண்டி நிற்கிறது, மேலே உட்கார்ந்திருப்பவன் முன்னே எறியப்படுகிறான். பின்கால் வண்டியை ஓட்டுகிறது. முன்கால் அந்தக் கல். ஓட்டமே இல்லாத வண்டி கல்லில் முட்டிப் பயனில்லை. கல்லே இல்லாவிட்டால் எவ்வளவு ஓடியும் பயனில்லை. நல்ல பிட்சரின் முன்முட்டி, பாதம் தரையில் படும்போது சற்று மடங்கியிருந்து, பந்து கையை விட்டுப் போகும் தறுவாயில் நிமிர்கிறது. சோம்பிய பிட்சரின் முட்டி, பாதம் பட்ட பிறகும் முன்னோக்கிச் சரிந்துகொண்டே போகிறது. குதிகாலில் இறங்கினானா முன்பாதத்தில் இறங்கினானா என்ற சண்டைக்கும் இதுவே முடிவு. நிதானமாக ஓட்டிய படத்தில் பார்த்தால், குதிகால் முதலில் தொட்டாலும் விரல்கள் முதலில் தொட்டாலும், மறுகணமே பாதம் முழுவதும் தட்டையாக மண்ணில் பதிந்துவிடுகிறது. பதிந்த பிறகு முட்டி நின்றதா, ஓடிற்றா என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

இன்னொரு கணக்கும் உண்டு. முன்பாதம் தரையில் பட்டது முதல் பந்து கையை விட்டுப் போவது வரை ஆகிற காலம் ஒரு வினாடியில் ஏழிலொரு பங்கு. அதற்குள் இடுப்பு திரும்பி, மார்பு திரும்பி, தோள் பின்னே வளைந்து முன்னே பாய்ந்துவிடுகிறது. இவ்வளவு சொற்ப நேரத்தில் எந்தப் பையனும் ‘என் பாதம் கோணலாக இருக்கிறது, திருத்திக்கொள்வோம்’ என்று எண்ணித் திருத்திவிட முடியாது. பாதம் இறங்கும் இடமும் கோணமும், பாதம் இறங்குவதற்கு முன்னாலேயே நிச்சயமாகிவிடுகின்றன. பாதம் பெரும்பாலும் காரணமன்று, காரியம். இதை நான் மண்ணிலிருந்து கற்றுக்கொண்டேன்.

பயிற்சி முடிந்து பையன்கள் போன பிறகு, மேட்டை வாரிச் சமன் செய்து, பள்ளங்களில் ஈரக் களிமண்ணைப் போட்டுத் திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்தும் வேலை பயிற்சியாளர்களுடையது. பலர் அதைத் தண்டனையாக நினைப்பார்கள். நான் வாரியை எடுப்பதற்கு முன் குந்தி உட்கார்ந்து மண்ணைப் படிப்பேன். முதலில் பலகையின் முன்விளிம்பை ஒட்டி, பின்பாதம் தோண்டிய ஒரு சிறு வாய்க்கால். விதி பலகையைத் தொட்டால் போதும் என்கிறபடியால், பிட்சர்கள் பாதத்தைப் பலகையின் மேலே வைக்காமல், அதன் விளிம்போடு பக்கவாட்டில் ஒட்டவைத்து நிற்பார்கள். அந்த வாய்க்கால் எல்லாப் பந்துக்கும் ஒரே இடத்தில் இருந்தால், பையன் நிற்கும் இடம் நிலையானது. அகன்று சிதறியிருந்தால், அவன் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நிற்கிறான் என்று அர்த்தம். அடுத்தது, அங்கிருந்து முன்னே நீளும் ஒரு கோடு. பலகையை விட்டுக் கிளம்பும் பின்காலின் கட்டைவிரல் மண்ணில் இழுபட்டு வரைந்த கோடு அது. இந்த இழுப்பினால் பூட்ஸின் முனை ஒரு பருவத்துக்குள் தேய்ந்துபோகும் என்பதற்காகவே, பிட்சர்கள் அங்கே தடித்த கவசம் ஒட்டிக்கொள்வார்கள். கோடு நேராகப் போய் மெல்ல மறைந்தால், இடுப்பு ஒழுங்காகத் திரும்பியிருக்கிறது. கோடே இல்லாமற்போனால், பையன் குதித்திருக்கிறான். ஆழமாகவும் நீளமாகவும் உழுதிருந்தால், பின்கால் உடம்போடு வரமாட்டேன் என்று மல்லுக்கு நின்றிருக்கிறது. மூன்றாவது, சரிவின் கீழே முன்பாதம் இறங்கிய குழி. அதன் விளிம்பு முன்பக்கம் சிதைந்திருந்தால் பாதம் பதிந்த பிறகும் சறுக்கியிருக்கிறது. கூர்மையாக, அச்சில் வார்த்த மாதிரி இருந்தால், அந்தக் கால் நின்றிருக்கிறது.

உயரமான ஒரு பையன், வலக்கைக்காரன், ஒரு வசந்த காலத்தில் எங்கள் குழுவுக்கு வந்தான். நல்ல வேகம், ஆனால் அவனுடைய இடதுகால் நேர்கோட்டுக்கு ஓரடி வலப்புறத்தில், மூன்றாவது பேஸின் பக்கமாகப் போய் இறங்கிற்று. அப்படி இறங்கினால் இடுப்புக்குத் திரும்ப வழியில்லை. கை உடம்பைக் குறுக்கே தாண்டி எறிய வேண்டியிருக்கும். தலைமைப் பயிற்சியாளர் சுண்ணாம்பினால் பலகையிலிருந்து ஹோம் பிளேட்டை நோக்கி ஒரு கோடு இழுத்து, “இந்தக் கோட்டின்மேல் காலை வை” என்றார். பையன் காலைப் பார்த்துக்கொண்டே எறிந்தான். கால் கோட்டுக்கு வந்தது. பந்து எங்கெங்கோ போயிற்று. அன்றைக்கு எங்களோடிருந்த அந்த நெட்டைப் பயிற்சியாளர், “காலைத் தூக்கும்போதே அவன் இடுப்பை அளவுக்குமீறி முறுக்குகிறான். பேட்டருக்குத் தன் சட்டைப்பின்புறத்தையே காட்டுகிறான். அங்கே பாருங்கள், கோட்டைப் பார்க்காதீர்கள்” என்றார்.

இருவரும் வாதாடிக்கொண்டிருக்க, நான் மேட்டில் இறங்கி மண்ணைப் பார்த்தேன். மற்றப் பையன்கள் எல்லாரும் இறங்கும் இடத்தில், ஒரு சாண் அகலத்துக்கு, களிமண் தெறித்துப் பள்ளமாகிக் கிடந்தது. இந்தப் பையனின் தப்படி அவர்களுடையதைவிட நீளம். நேராக வந்தால் அவன் குதிகால் அந்தப் பள்ளத்தின் கீழ்விளிம்பில் சரியாக விழும், கணுக்கால் புரளும். பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போகவே அவன் கால் பழகியிருந்தது. அவனிடம் கேட்டால் அவனுக்கே தெரியவில்லை. பள்ளத்தை நிரப்பி, நீர் தெளித்து, இடித்துக் கெட்டிப்படுத்தி, மறுநாள் எறியச் சொன்னோம். ஓரடியாக இருந்த விலகல் பாதியாகக் குறைந்தது. மிச்சப் பாதிக்கு நெட்டை மனிதர் சொன்ன காரணம் மெய்யாயிருந்தது. முட்டியை இடுப்புவாருக்கு நேரே தூக்கி அங்கேயே நிறுத்து, அதற்குமேல் திருப்பாதே என்று ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தோம். கோடைக்காலம் வருவதற்குள் அவன் கால் கோட்டுக்குச் சற்றே வலப்புறம், இருக்க வேண்டிய இடத்தில், இறங்கத் தொடங்கிவிட்டது. பாதம் என்ற வார்த்தையை அவனிடம் நாங்கள் யாரும் அதன்பின் எடுக்கவேயில்லை.

‘சற்றே வலப்புறம்’ என்று சொன்னதில் ஓர் அளவு இருக்கிறது. வலக்கைப் பிட்சரின் முன்பாதம் இடப்புறமாக, அதாவது திறந்த பக்கமாக, விலகி இறங்கினாலும், விரல்கள் வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டாலும், இடுப்பு அவசரப்பட்டு முன்னே திரும்பிவிடுகிறது. கை பின்தங்கித் தோளின் முன்பக்கத்தில் பாரம் ஏறுகிறது. அலபாமா மாகாணத்து பர்மிங்ஹாம் நகரில் இதற்கென்றே உள்ள ஆராய்ச்சி நிலையத்தார் இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆகவே திறந்து இறங்குவதைவிடச் சிறிது மூடி இறங்குவதே க்ஷேமம் என்பது பொதுவான அபிப்பிராயம். பொது விதிக்கு விலக்கும் உண்டு. மாடிஸன் பம்கார்னரும் ஜேக் அரியெட்டாவும் காலை நன்றாகவே குறுக்கே வைத்து எறிந்தவர்கள். முன்னவர் 2014 உலகத் தொடரின் தலைசிறந்த ஆட்டக்காரர், பின்னவர் 2015-இல் ஸை யங் பரிசு பெற்றவர். பழக்கத்தினால் ஊறிப்போன ஒரு காலடியை அழகுக்காகத் திருத்தப் புகுவதில் ஆபத்து இருக்கிறது.

எவ்வளவு ஆபத்து என்பதற்கு டிஸ்ஸி டீனின் சரித்திரமே போதும். ஸெயின்ட் லூயி கார்டினல்ஸ் குழுவுக்காக 1934-இல் 30 ஆட்டங்களையும், அடுத்த இரண்டு ஆண்டுகளில் 28-ம் 24-ம் வென்ற மனிதர். 1937-இல் வாஷிங்டனில் நடந்த ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் ஏர்ல் ஆவரில் அடித்த பந்து நேரே வந்து அவருடைய இடது பாதத்துப் பெருவிரலை முறித்துவிட்டது. விரல் குணமாவதற்கு முன்பே அவர் மேடேறினார். அவர் வலக்கைக்காரர், இடதுகால்தான் தரையிறங்கும் கால். நோகும் விரலைக் காப்பாற்றுவதற்காகக் கால் வேறு விதமாக இறங்கிற்று. கால் மாறியதும் கை மாறிற்று. கை மாறியதும் தோள் கெட்டது. இருபத்தேழு வயதில் அவருடைய பழைய வேகம் போனது போனதுதான். முறிந்தது விரல், போனது தோள். பாதத்தின் மகிமையைப் பற்றி இதைவிடப் பெரிய பாடத்தை நான் அறியேன். கால்வலி என்று ஒரு பையன் சொன்னால், அவன் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொள்வதற்கு எனக்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

ஆட்டத்தின் சட்டமும் பாதத்தை வெறுமே விட்டுவைக்கவில்லை. கறுப்பர்களுக்கென்று தனியாக இருந்த லீக்குகளில் புகழ்பெற்ற ஸாச்சல் பேஜ், நாற்பது வயதைத் தாண்டியபின் 1948-இல் கிளீவ்லாந்து குழுவுக்கு வந்தபோது, முன்பாதத்தை ஊன்றிய பிறகு கையைக் கொஞ்சம் தாமதித்து எறிந்து பேட்டர்களை ஏமாற்றினார். அமெரிக்கன் லீக் தலைவர் அந்தத் தாமதத்தைத் தடுத்துவிட்டார். சமீபத்தில் கார்ட்டர் கேப்ஸ் என்ற பிட்சர், பின்காலால் பலகையிலிருந்து முன்னே ஒரு துள்ளுத் துள்ளி, பேட்டருக்கு அருகே போய் எறிந்தார். பலகையை விட்ட பின்காலை மறுபடி ஊன்றிக்கொள்வது கூடாது என்று 2017-இல் விதியைத் தெளிவுபடுத்தினார்கள். பந்தெறிபவருக்குக் கொடுத்திருப்பது ஒரு தப்படி. ஒன்றரைத் தப்படி இல்லை.

இப்பொழுதெல்லாம் ஒவ்வொரு தகப்பனாரின் சட்டைப்பையிலும் ஒரு காமிரா இருக்கிறது. போன குளிர்காலத்தில் நம் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர், பதினைந்து வயதுப் பையனைப் பாடத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, போனை என் முன்னால் நீட்டினார்.

“சார், கொஞ்சம் பாருங்க. இவன் குதிகால்ல இறங்கறான். பெரிய பிட்சர் எல்லாம் அப்படி இறங்கறதில்லையாம். மாத்திடலாமா?”

“தம்பி, கை வலிக்குதுன்னு சொல்றானா?”

“இல்லை, சார்.”

“போட நினைச்ச இடத்துல பந்து விழுதா?”

“விழுது. அதெல்லாம் நல்லாத்தான் போடறான்.”

“அப்ப எதை மாத்தணும்? ஒரு ஆட்டத்துல எத்தனை பந்து போடறான்னு எண்ணியிருக்கீங்களா?”

அவர் எண்ணியதில்லை. பெரும்பாலோர் எண்ணுவதில்லை. பாதத்தின் கோணத்தைப் பாகை கணக்கில் சொல்லத் தெரிந்தவர்களுக்கு, தங்கள் பையன் அன்று எறிந்த பந்துகளின் எண்ணிக்கை தெரியாது. மேஜர் லீக் நிர்வாகமும் யூஎஸ்ஏ பேஸ்பால் ஸ்தாபனமும் 2014-இல் வெளியிட்ட ‘பிட்ச் ஸ்மார்ட்’ வழிகாட்டியில், பதினொன்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 85 பந்தும், பதினைந்து பதினாறு வயதுக்காரர்களுக்கு 95 பந்தும் உச்சவரம்பு என்று விதித்திருக்கிறார்கள். அத்தனை எறிந்த பிறகு நாலு நாள் ஓய்வு வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். முழங்கையின் உட்புறத்துத் தசைநார் அறுந்தால் வேறொரு நாரை எடுத்துத் தைக்கும் சிகிச்சையை, 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதன்முதலில் செய்தார். அதற்குப் பிறகு அவர் 164 ஆட்டங்களை வென்றது உண்மையே. ஆனால் அந்தச் சிகிச்சை இப்பொழுது மீசை முளைக்காத பையன்களுக்கும் நடக்கிறது. கையை முறிப்பதில் கோணலான பாதத்தைவிடக் களைப்பு பெரிய குற்றவாளி.

அந்தக் களைப்பை முதலில் காட்டிக்கொடுப்பதும் பாதம்தான். களைத்த பையன் வாயால் சொல்லமாட்டான். தன்னை எடுத்துவிடுவார்களோ என்று பயப்படுவான். பந்தின் வேகமும் சில சமயம் பிடிவாதத்தினால் அப்படியே நிற்கும். கால் மட்டும் பொய் சொல்லாது. ஐந்தாவது இன்னிங்ஸில் தப்படி குறுகும். கூர்மையாக இருந்த குழிக்குப் பின்னால், பலகைப் பக்கமாக, இரண்டாவது குழி ஒன்று உண்டாகும். கட்டைவிரல் கோடு வளையும். முட்டி நிமிராமல் தொய்யும். இன்னிங்ஸுகளுக்கு நடுவில் நான் மேட்டுப் பக்கம் ஒரு நடை நடந்துவிட்டு வருவது மண்ணைக் கெட்டிப்படுத்துவதற்காக என்று பையன்கள் நினைத்துக்கொள்வார்கள்.

முன்காலா பின்காலா என்று என்னைக் கேட்டால், ஓட்டுவது பின்கால், நிறுத்துவது முன்கால், இரண்டும் வேண்டும் என்பதுதான் என் தீர்ப்பு. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் இளைஞர்களுக்கும், வேலியோரத்தில் நிற்கும் தகப்பன்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். கை வலிக்காத, குறி தவறாத, ஒரே இடத்தில் இறங்குகிற பையனின் காலை எந்தக் கட்சிக்காகவும் தொடாதீர்கள். தவறி இறங்குகிறவனாயிருந்தால், முதலில் மேட்டுப் பள்ளத்தையும், அடுத்து அவன் காலைத் தூக்கும் விதத்தையும் பாருங்கள். பாதத்தைப் பற்றிக் கடைசியில் பேசலாம். நன்றாக எறிந்துகொண்டிருந்த பையனின் தப்படி திடீரென்று அரைச் சாண் குறைந்தால், எந்த வாதத்துக்கும் காத்திராமல் மேட்டுக்குப் போய் அவன் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொள்ளுங்கள்.